படப் புத்தகம் எழுத வரும் ஆசிரியர்களுக்கு: முதல் வரியிலிருந்து இரண்டாம் அச்சு வரை

பல வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவரிடம் ஒரு பெரிய சொத்து இருக்கிறது. கதை சொல்லும்போது எந்த இடத்தில் பிள்ளைகள் முட்டி போட்டு முன்னால் நகர்ந்து வருவார்கள், எந்த இடத்தில் பக்கத்துப் பிள்ளையின் பின்னலை இழுக்கத் தொடங்குவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. எழுத வருகிற பலருக்கு இது வாய்ப்பதில்லை. ஆனால் அதே வருடங்கள் ஒரு பழக்கத்தையும் ஊற வைத்திருக்கும். எதையும் விளக்காமல் விட மனம் வராது. வகுப்புக்கு அது வேண்டும். படப் புத்தகத்தை அதுதான் கெடுக்கும். கீழே வரும் படிகளில் பல, அந்தப் பழக்கத்தை எந்த வரியில், எப்படிக் கழற்றி வைப்பது என்பதைப் பற்றியவை.

ஆசிரியர்கள் இந்த வேலைக்கு வருவது புதிதில்லை. கொமேனியஸ் என்ற பள்ளி ஆசிரியர் 1658இல் நியூரம்பர்க் நகரில் வெளியிட்ட லத்தீன் பாடநூலைத்தான் குழந்தைகளுக்கென வந்த முதல் படப் புத்தகம் என்று பலரும் சொல்கிறார்கள். அதில் படத்திலிருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு நேரே அதன் பெயர். படம் சொல்லுக்கு விளக்கம், சொல் படத்துக்கு விளக்கம். பாடம் நடத்த அது நல்ல முறை. இன்று நாம் எழுதப்போகும் புத்தகத்திலோ சொல் ஒரு பாதிக் கதையைச் சொல்ல வேண்டும், படம் மறு பாதியைச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றையே சொன்னால் ஒன்று வீண்.

பக்கக் கணக்கு

கதை எழுதும் முன்பே பக்கங்களை எண்ணிவிடுங்கள். அச்சகத்தில் ஒரு பெரிய தாளின் இரு பக்கமும் அச்சடித்து, மடித்து, வெட்டுகிறார்கள். ஒரு மடிப்பில் 8 அல்லது 16 பக்கம் வரும். அதனால்தான் படப் புத்தகங்கள் 16, 24, 32, 40 என்று வருகின்றன. உலகெங்கும் அதிகம் புழங்குவது 32. “என் கதைக்கு 29 பக்கம் போதும்” என்றால் மீதி 3 பக்கம் வெள்ளையாக நிற்கும்.

கெட்டி அட்டைக்கு உள்ளே ஒட்டும் தாள் தனியாக இருந்தால், 1ஆம் பக்கம் தலைப்பு, 2–3 பதிப்பு விவரமும் சமர்ப்பணமும். கதை 4–5இல் தொடங்கி 30–31 வரை 14 இரட்டைப் பக்கங்களில் (புத்தகத்தை விரித்தால் ஒன்றாகத் தெரியும் இடது, வலது பக்கங்கள்) ஓடும், 32ஆம் பக்கத்தில் ஒற்றைப் படம் ஒன்று வைக்கலாம். அந்த 32 பக்கத்திலிருந்தே அட்டையோடு ஒட்டும் தாளையும் எடுத்தால் கதைக்குக் கிடைப்பது 12 இரட்டைப் பக்கம்தான். முதல் கையெழுத்துப் பிரதியை 12க்கு எழுதுவது நல்லது. 14 கிடைத்தால் சொல்லே இல்லாத படத்துக்கு இரண்டு இடம் கூடுதலாகக் கிடைக்கும், எந்த ஓவியரும் மகிழ்வார்.

இப்போது 8 ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரே மடிப்பாக மடித்து, மடிப்பின்மேல் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடியுங்கள். 32 பக்கக் குட்டிப் புத்தகம் தயார். இதை டம்மி என்பார்கள். அட்டையில்லாததால் மேலே தெரிவதே 1ஆம் பக்கம். எண் போட்டுப் பாருங்கள்: ஒற்றைப்படை எண்கள் எல்லாம் வலது கைப் பக்கம், இரட்டைப்படை எல்லாம் இடது. பக்கம் புரட்டுவது எப்போதும் ஒற்றைப்படைப் பக்கத்துக்குப் பிறகுதான். கதையின் கேள்வி, சத்தம், ஆபத்து, “அப்புறம்?” எல்லாம் வலது பக்கத்தின் கடைசியில் இருக்க வேண்டும், பதில் புரட்டியபின் வர வேண்டும். கேள்வி 8இலும் பதில் 9இலும் விழுந்தால், பிள்ளையின் கண் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடும். ஆச்சரியம் அங்கேயே செத்துவிடும். கணினித் திரையில் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தவறு கடைசி வரை தெரிவதில்லை. டம்மியை ஒதுக்கிவிட்டு எழுதாதீர்கள்.

சொற்களின் எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. 3 முதல் 6 வயதுக்கு ஆங்கிலத்தில் 500 சொல் என்பது பொதுவான உச்சம். தமிழில் வேற்றுமையும் திணையும் பாலும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால் அதே கதை குறைவான சொல்லில் முடியும். 350ஐத் தாண்டினால் வெட்டத் தொடங்குங்கள். 3 வயதுக்கும் கீழே உள்ளவர்களுக்கான தடித்த அட்டைப் புத்தகத்துக்கு 100 சொல்லே அதிகம். ஓர் இரட்டைப் பக்கத்தில் 40 சொல்லுக்கு மேல் போனால் படம் மூச்சு முட்டும்.

ஒரு பத்தியை வெட்டிப் பார்ப்போம்

ஆசிரியர் கையிலிருந்து வரும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“ஒரு நாள் காலையில் கயல் என்ற சிறுமி பள்ளிக்குக் கிளம்பினாள். வெளியே பலத்த மழை பெய்துகொண்டிருந்தது. அவள் தன் சிவப்பு நிறக் குடையைத் தேடினாள். அது எங்கும் கிடைக்கவில்லை. அதனால் அவள் மிகவும் வருத்தமடைந்தாள். பொருட்களை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று பாட்டி அறிவுரை கூறினார்.”

பென்சிலை எடுங்கள். சிறுமி என்பது படத்தில் தெரியும். முதுகில் பை இருப்பதால் பள்ளிக்குப் போகிறாள் என்பதும் தெரியும். குடையின் நிறம், மழையின் பலம், முகத்தின் வருத்தம் எல்லாமே ஓவியர் பொறுப்பு. “அதனால்” என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கான கதையில் எங்கே பார்த்தாலும் சந்தேகப்படுங்கள். காரணத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் நாம் முந்திக்கொண்டோம் என்று பொருள். பாட்டியின் அறிவுரை முழுவதும் போக வேண்டும். வெட்டியபின் மிஞ்சுவதை ஒரு தேடலாக விரித்தால் இப்படி வரும்:

மழை! குடை எங்கே? (5ஆம் பக்கம்)
கட்டிலுக்கு அடியில்? (7)
இல்லை. கதவுக்குப் பின்னால்? (8–9)
இல்லை. அலமாரிக்கு மேலே? (10–11)
இதோ! குடைக்குள்ளே… (12–13)
ஷ்ஷ்ஷ். (14–15)

14–15இல் தாய்ப்பூனையும் மூன்று குட்டிகளும் விரிந்த குடைக்குள் தூங்குகின்றன. எழுத்தில் பூனை என்ற சொல்லே இல்லை. 7ஆம் பக்கத்தில் கட்டிலின் ஓரத்தில் ஒரு வால் நுனி, 9இல் கதவிடுக்கில் ஒரு காது, 11இல் அலமாரியின் விளிம்பில் சிவப்புத் துணியின் முனை. கயலுக்குத் தெரியாதது மடியில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைக்குத் தெரியும். நான்கு வயதில் ஒருவருக்கு, தன்னைவிடப் பெரியவருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருப்பதைவிடப் பெரிய இன்பம் குறைவு. அந்த இன்பத்துக்காகத்தான் அதே புத்தகத்தை இருபது முறை கேட்பார்கள்.

‘இல்லை’ எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் புரட்டியவுடன், இடது பக்கத்தில் முதல் சொல்லாக வருகிறது. இரண்டாம் முறை வாசிக்கும்போது பிள்ளைகள் நமக்கு முன்பே அதைக் கூவுவார்கள். இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, வகுப்பில் நூறு முறை கேட்டிருப்பீர்கள். அந்த அனுபவத்தை வைத்து மூன்று முறை வரும் ஒரு கேள்வியை அமைப்பதுதான் தொழில். மூன்றாவது முறை பதில் மாற வேண்டும். அப்போதும் ‘இல்லை’ என்றால் சலிப்பு தட்டிவிடும்.

இன்னொன்று. பிரச்சினையைத் தீர்ப்பது பிள்ளையாக இருக்கட்டும். ஆசிரியர்கள் எழுதும் கதைகளில் கடைசியில் அம்மாவோ தாத்தாவோ டீச்சரோ வந்து முடித்து வைப்பது அடிக்கடி நடக்கிறது. குடையைப் பூனைகளுக்கு விட்டுவிடுவது என்று கயல் முடிவெடுக்க வேண்டும். பாட்டியின் பெரிய குடையில் இருவரும் ஒண்டிக்கொண்டு போவது கடைசிப் படம், அதற்கு எழுத்து வேண்டாம்.

வாயில் வரும் தமிழ்

படப் புத்தகம் முதலில் காதுக்குத்தான். ‘பெய்துகொண்டிருந்தது’ என்பதில் 10 எழுத்து. ‘பெய்தது’ என்றால் 4. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை பத்தாவது எழுத்தை எட்டும்போது முதல் எழுத்தை மறந்திருக்கும். கொண்டிரு, விட்டிரு, கொண்டேயிரு என்று வினைகள் ஒட்டி நீளும் இடங்களைத் தேடிப் பிடித்துச் சுருக்குங்கள்.

பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். கதை சொல்பவரின் குரல் எளிய எழுத்துத் தமிழிலும், பாத்திரங்களின் பேச்சு பேச்சுத் தமிழிலும் இருப்பது பெரும்பாலான கதைகளுக்குப் பொருந்தும். ஒரு பக்கத்தில் ‘இருக்கிறது’, அடுத்த பக்கத்தில் கதை சொல்பவரே ‘இருக்கு’ என்று வந்தால் சத்தமாக வாசிப்பவரின் நாக்கு தடுக்கும்.

எதுகையும் மோனையும் தமிழில் தானாக வந்து உட்காரும். வராத இடத்தில் இழுக்க வேண்டாம். எதுகைக்காகத் திணித்த சொல்லால் கதை ஒரு பக்கம் திரும்பிப் போவதைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள். சலசல, தடதட, கிடுகிடு மாதிரி இரட்டைக்கிளவிகளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஓர் இரட்டைப் பக்கத்துக்கு ஒன்று போதும். வரியை உடைக்கும்போது பக்கத்தின் அகலத்தைப் பார்க்காதீர்கள், மூச்சு நிற்கும் இடத்தைப் பாருங்கள். ‘கதவுக்குப்’ ஒரு வரியிலும் ‘பின்னால்?’ அடுத்த வரியிலும் போனால் வாசிப்பு நொண்டும்.

தெரியாத சொல் ஒன்றிரண்டு இருப்பது நல்லதுதான். அகராதி போல அடியில் பொருள் எழுதாதீர்கள். படமே பொருளைச் சொல்லட்டும். கதைக்குப் பின்னால் ‘பயிற்சிகள்’ சேர்க்கும் ஆசையையும் அடக்குங்கள். வினாத்தாளைப் பார்த்ததும் புத்தகம் பாடமாகிவிடுகிறது.

பிள்ளைகளிடம் சோதிப்பது

இங்கேதான் ஆசிரியர்கள் ஏமாறுகிறார்கள். உங்கள் முன்னாள் மாணவர்களுக்கோ வீட்டுப் பிள்ளைகளுக்கோ நீங்களே வாசித்துக் காட்டினால் கதை எப்போதும் வெற்றி பெறும். உங்கள் குரல், கை, கண் எல்லாம் கதையின் ஓட்டைகளை அடைத்துவிடும். “பிடிச்சிருக்கா?” என்று கேட்டால் “ஆமாம் டீச்சர்” என்பதுதான் பதில், எந்தப் பதிலை எதிர்பார்க்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கதையை முன்பின் பார்க்காத ஒருவரிடம் டம்மியைக் கொடுத்து, உங்களைத் தெரியாத நான்கைந்து பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஓரமாக இன்னொரு பிரதியோடு உட்காருங்கள். வாசிப்பவர் தடுமாறும் சொல்லுக்கு ஒரு கோடு, பிள்ளைகளின் பார்வை விலகும் இடத்துக்கு ஒரு வட்டம், அவர்களே குறுக்கே பேசும் இடத்துக்கு ஒரு நட்சத்திரம். வட்டம் விழுந்த பக்கத்தில் பெரும்பாலும் விளக்கம் இருக்கும். முடிந்ததும் கேள்வி எதுவும் வேண்டாம், புத்தகத்தைத் தரையில் வைத்துவிட்டு யாராவது எடுத்துப் புரட்டுகிறார்களா என்று பாருங்கள்.

மாணவர்கள் செய்த, சொன்ன விஷயங்களிலிருந்து கதை பிறப்பது இயல்பு. பெயரையும் அடையாளத்தையும் மாற்றுங்கள்; ஒரு பிள்ளையை அதன் தாய் அடையாளம் கண்டுபிடிக்கும் அளவுக்கு நெருக்கமாக எழுதினால், அவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்பதுதான் முறை. வேலையில் இருந்தபோது பள்ளிக்காகத் தயாரித்த கதைகளையும் அட்டைகளையும் அப்படியே எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். பல நாடுகளின் சட்டப்படி அவை வேலை கொடுத்தவருக்குச் சொந்தமாகலாம்.

ஓவியரும் அச்சகமும்

உங்களுக்கு வரையத் தெரியாதென்றால் பதிப்பகத்துக்கு எழுத்தை மட்டும் அனுப்புங்கள். தெரிந்தவர் ஒருவரை வரைய வைத்துச் சேர்த்து அனுப்பினால், எழுத்து பிடித்துப் படம் பிடிக்காமல் இரண்டுமே திரும்பி வரும். ஓவியரைத் தேர்ந்தெடுப்பது பொதுவாக எடிட்டரின் வேலை. பிரதியில் ஓவியருக்கான படக்குறிப்பு எழுதுவது, எழுத்தை மட்டும் படித்தால் கதை புரியாத இடத்தில் மட்டும். “வால் நுனி தெரிகிறது” என்பது தேவையான குறிப்பு. “கயல் நீலப் பாவாடை அணிந்து சிரித்தபடி நிற்கிறாள்” என்பது ஓவியரின் வேலையைப் பறிப்பது. மொத்தக் கதைக்கு நான்கைந்து குறிப்புக்கு மேல் போனால் எதையோ எழுத்தில் சொல்லத் தவறியிருக்கிறீர்கள்.

பென்சில் வரைவுகள் வந்ததும் பார்க்க வேண்டியவை சில உண்டு. எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறதா? இலை, புல், கோலம் போன்ற நெருக்கமான படத்தின் மேல் எழுத்து விழுந்தால் வாசிக்க முடியாது. பக்கங்கள் சேரும் நடுமடிப்பில் ஒரு முகமோ சொல்லோ இருக்கிறதா? கட்டிய பிறகு மடிப்பு அதை விழுங்கிவிடும். இரு பக்கமும் குறைந்தது ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். குட்டிகள் மூன்றென்றால் எல்லாப் பக்கத்திலும் மூன்றா? பெரியவர்கள் எண்ண மாட்டார்கள், பிள்ளைகள் எண்ணுவார்கள்.

நீங்களே வெளியிடுவதானால் அச்சு விவரங்களும் உங்கள் தலையில். படங்கள் அச்சிடும் அளவிலேயே 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும். பக்கத்தின் விளிம்பு வரை போகும் படத்தை மூன்று வெளிப்பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டி வரைய வேண்டும், இல்லாவிட்டால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கே எனப்படும் நான்கு அச்சு மைகளில் (நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு) மங்கும். மாதிரிப் பிரதியைத் தாளில் பார்க்காமல் அச்சுக்கு ஒப்புதல் கொடுக்காதீர்கள்.

எழுத்து கறுப்பு மையால் மட்டும், படத்திலிருந்து தனி அடுக்கில் இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் சிறு எழுத்து அச்சானால், மைக்கு ஒன்றாக இருக்கும் அச்சுத் தகடுகள் இம்மி விலகினாலும் விளிம்பு கலங்கும். தனிக் கறுப்பால் இன்னொரு லாபமும் உண்டு. வேறு மொழிப் பதிப்பு வரும்போது கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். அதே காரணத்துக்காகப் படத்துக்குள் பெயர்ப்பலகை, கடிதம் என்று எழுத்தை வரைந்து சேர்ப்பதைத் தவிருங்கள்.

தமிழ் எழுத்துரு 20 முதல் 24 பாயின்ட் அளவில் இருந்தால் சின்னக் கண்ணுக்கு வசதி. கி, பு போன்ற எழுத்துகளின் குறிகள் மேலும் கீழும் நீள்வதால் வரி இடைவெளியை எழுத்தளவைப்போல ஒன்றரை மடங்காவது வையுங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் அமைப்பவர், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்டு-ரெடி’ கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொ, கோ போன்ற எழுத்துகள் உடைந்து, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பக்கம் அமைப்பவருக்குத் தமிழ் தெரியாதென்றால் இது யார் கண்ணிலும் படாமல் அச்சாகிவிடும். அதனால் கடைசி பிடிஎஃப்பை எழுத்து எழுத்தாக நீங்களே பாருங்கள், முக்கியமாக அட்டையையும் புத்தகத்தின் முதுகையும்.

அனுப்புவதும் ஒப்பந்தமும்

ஒரே ஒரு கதையோடு பதிப்பகத்தின் கதவைத் தட்டாதீர்கள். எழுத்துப் பிடித்திருந்தால் எடிட்டர் அடுத்து கேட்பது “வேறு என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்பதுதான். மூன்று நான்கு கதைகளாவது முடிந்த நிலையில் இருக்கட்டும். பிரதியை இரட்டைப் பக்க எண் போட்டுத் தட்டச்சு செய்து, அரைப்பக்கக் கடிதத்தோடு அனுப்புங்கள். கடிதத்தில் கதை இரண்டு வரி, எந்த வயதுக்கு என்பது ஒரு வரி, உங்கள் கற்பித்தல் அனுபவம் இரண்டு வரி. “என் மாணவர்கள் எல்லோருக்கும் மிகவும் பிடித்தது” என்ற வரியை எல்லா எடிட்டர்களும் தினமும் படிக்கிறார்கள், அதை விட்டுவிடுங்கள். பதில் வர மாதக்கணக்காகும். ஏற்றுக்கொண்ட பிறகும் புத்தகம் கைக்கு வர ஓராண்டிலிருந்து மூன்றாண்டு ஆகலாம், படம் வரையும் காலம் நீண்டது. முதல் சில வருடங்களுக்கு வேறு வருமானத்தை வைத்துக்கொண்டே இதில் இறங்குங்கள்.

1886இன் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில் எழுதியவருக்கே பதிப்புரிமை, அதற்குப் பதிவு கட்டாயமில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியது, எதை எவ்வளவு காலத்துக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதை. ஒரே தொகையாகப் பணம் வாங்கிக்கொண்டு எல்லா உரிமையும் கொடுப்பது ஒரு வகை. விற்பனைக்கேற்ப ராயல்டி இன்னொரு வகை. ராயல்டியில் எழுத்தாளரும் ஓவியரும் சரிபாதி பிரித்துக்கொள்வது பரவலான வழக்கம், அது நியாயமும்கூட. மொழிபெயர்ப்பு, ஒலிநூல், அனிமேஷன் ஒவ்வொன்றும் தனி உரிமை. “எல்லா வடிவங்களிலும், எல்லா மொழிகளிலும், என்றென்றும்” என்ற வரி இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். அச்சில் இல்லாமல் போனால் குறிப்பிட்ட காலத்தில் உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும் என்ற வரி இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். அட்டையில் உங்கள் பெயரோடு ஓவியர் பெயரும் வருகிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

புத்தகம் வந்த பிறகு

பள்ளிகளிலும் நூலகங்களிலும் வாசிப்பு நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவார்கள். ராயல்டியைவிட இதில் வருமானம் அதிகமாக இருப்பதும் உண்டு, ஆசிரியராக இருந்தவருக்கு இது கைவந்த வேலை. 5 வயதுக்குக் கீழே என்றால் 20 நிமிடம், மேலே என்றால் 40 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். புத்தகத்தை உங்கள் முகத்துக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் கண் மட்டத்தில் பிடித்து, கீழ் மூலையில் விரல் வைத்துப் புரட்டினால் கை படத்தை மறைக்காது. புரட்டுவதற்கு முன் இரண்டு நொடி நில்லுங்கள்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரே பிரதியைக் கொண்டுபோய், தடுக்கிய சொல்லையும் பிழையையும் அதன் ஓரத்திலேயே குறித்து வாருங்கள். இரண்டாம் அச்சு பற்றிப் பேச்சு வந்தவுடன் பக்க எண், வரி, இருப்பது, இருக்க வேண்டியது என நான்கு நெடுவரிசையில் ஒரு பட்டியலாக எடிட்டருக்கு அனுப்புங்கள். எழுத்துத் தனி அடுக்கில் இருந்தால் அந்தத் திருத்தங்களுக்கு ஒரு நாள்கூட ஆகாது.